மாணவர் பேரவைகளின் பிரதிநிதித்துவச் சீர்திருத்தம்: சிதம்பரம் முதல் கல்வராயன் மலை வரை

மாணவர் பேரவை என்பது கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பயிலும் மாணவர்கள் தமக்குள்ளிருந்து பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, கல்வி, தேர்வு, கட்டணம், விடுதி முதலியவை குறித்து நிருவாகத்துடன் பேசுவதற்காக அமைத்துக்கொள்ளும் அமைப்பாகும். மாணவர் மன்றம், மாணவர் சங்கம், யூனியன் எனவும் இது வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் இப்பேரவைகளின் தலைவர்கள் மாநில அரசியலின் போக்கையே மாற்றினார்கள். பின்னாளில் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தல் அருகி, வகுப்புப் பிரதிநிதிகளை ஆசிரியர்களே நியமிக்கும் வழக்கம் வேரூன்றியது. 2006இல் வெளியான லிங்டோ குழு அறிக்கைக்குப் பின் இந்தியா முழுவதும் மாணவர் பிரதிநிதித்துவம் பற்றிய விவாதம் புதிய வடிவம் பெற்றது. கள்ளக்குறிச்சி மாவட்டம் போலச் சிறு நகரக் கல்லூரிகளும் மலைவாழ் மக்களின் ஊர்களும் சேர்ந்த பகுதியில் இவ்விவாதம் மூன்று கேள்விகளாகப் பிரிகிறது. பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பவர் யார்? எவருக்கெல்லாம் இருக்கை உண்டு? பேரவையின் முடிவு யாரைக் கட்டுப்படுத்தும்?

தொடக்க கால முன்மாதிரிகள்

மாணவர்கள் பல்கலைக்கழக நிருவாகத்தில் பங்கு கேட்பது இக்காலத்து வழக்கமன்று. இத்தாலியின் பொலோனா நகரில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மாணவர் குழுமங்களே பல்கலைக்கழகத்தை நடத்தின. பிற நாடுகளிலிருந்து சட்டம் பயில வந்தவர்கள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். பாடம் நடத்தும் ஆசிரியர்களும் அக்குழுமத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இதே கேள்வி தென் அமெரிக்காவில் எழுந்தது. 1918இல் அர்ஜென்டினாவின் கோர்தோபா பல்கலைக்கழக மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆட்சிக் குழுக்களில் ஆசிரியர், மாணவர், பட்டதாரி ஆகிய முத்தரப்பினரும் இடம்பெற வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளுள் முதன்மையானது. இக்கோட்பாடு பின்னர் லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றிலும் பரவியது. போராட்டத்தின் வேகம் தணிந்த பிறகும் மாணவர் இடம் விதிநூலில் எழுதப்பட்டு நின்றது கோர்தோபாவின் சிறப்பு.

அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் மாணவர் அரசியலும்

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் இராஜா சர் அண்ணாமலை செட்டியாரால் சிதம்பரத்தில் நிறுவப்பட்டது. மாணவர்கள் ஒரே வளாகத்தில் தங்கிப் பயின்றதால் கருத்துகள் அங்கு விரைவில் பரவின. இரா. நெடுஞ்செழியன், க. அன்பழகன் முதலியோர் அங்கு மாணவர்களாக இருந்தே பொதுவாழ்வுக்கு வந்தனர். 1943இல் கும்பகோணத்தில் திராவிட மாணவர் கழகம் தோன்றியது. கல்லூரி விடுதிகளும் மன்றங்களும் மேடைப் பேச்சாளர்களின் பயிற்சிக் களங்களாயின.

1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் பேரவைகளின் வலிமை வெளிப்பட்டது. பல கல்லூரிகளின் மாணவர் தலைவர்கள் ஒன்றுகூடிப் போராட்டக் குழு அமைத்தார்கள். பெ. சீனிவாசன், கா. காளிமுத்து, எல். கணேசன் போன்றோர் அதில் முன்னின்றார்கள். 1965 ஜனவரி 27இல் சிதம்பரத்தில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்த 1967 சட்டமன்றத் தேர்தலில், விருதுநகர்த் தொகுதியில் காமராசரை 1,285 வாக்கு வேறுபாட்டில் சீனிவாசன் தோற்கடித்தார்.

மாணவர் ஆதரவுடன் ஆட்சிக்கு வந்த கட்சியும் விரைவில் மாணவர் எதிர்ப்பைச் சந்தித்தது. 1971இல் முதலமைச்சர் மு. கருணாநிதிக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியபோது மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். காவல்துறை தடியடி நடத்தியது. அதன்பின் உதயகுமார் என்ற மாணவரின் உடல் குளத்திலிருந்து எடுக்கப்பட்டது. அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. இந்நிகழ்வு நெடுங்காலம் அரசியல் மேடைகளில் பேசப்பட்டது. மாணவர் பேரவையை எந்தக் கட்சியும் தன் பக்கம் வைத்திருக்க விரும்பும். அது எதிர்ப்பக்கம் திரும்புவதை எந்த ஆட்சியும் விரும்பாது என்பதற்கு 1965உம் 1971உம் இரு சான்றுகள்.

தேர்தல் அருகிய காலம்

1970களுக்குப் பின் தமிழ்நாட்டில் பேரவைத் தேர்தல்கள் படிப்படியாகக் குறைந்தன. கட்சிச் சார்பு, பணப்புழக்கம், வளாக மோதல்கள் ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. 1980களில் தொடங்கிப் பெருகிய சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் பேரவைத் தேர்தல் வழக்கத்திற்கே வரவில்லை. தேர்தல் நின்ற இடத்தில் நியமனம் வந்தது. வகுப்பில் அதிக மதிப்பெண் பெறுபவரோ துறைத் தலைவரின் நம்பிக்கைக்குரியவரோ பிரதிநிதி ஆனார்.

தேர்தலை நிறுத்தியதால் மோதல் நின்றுவிடவில்லை. 2008 நவம்பரில் சென்னை சட்டக் கல்லூரி வளாகத்தில் மாணவர்களுக்கிடையே நடந்த வன்முறையைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது. மறுபுறம், அமைப்பு இல்லாமலும் மாணவர்கள் திரண்டார்கள். 2013 மார்ச்சில் சென்னை இலயோலாக் கல்லூரி மாணவர்கள் ஈழத்தமிழர் சிக்கலில் தொடங்கிய உண்ணாநிலை பிற கல்லூரிகளுக்கும் பரவியது. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். தலைவர் எவரும் இல்லாதது அப்போராட்டத்தின் பெருமையாகக் கருதப்பட்டது. போராட்டத்தை முடிப்பதா தொடர்வதா என்ற நிலை வந்தபோது அதுவே சிக்கலாயிற்று. எல்லோர் சார்பிலும் பேச உரிமை பெற்ற குழு எதுவும் கடற்கரையில் இல்லை. ஜனவரி 23இல் காவல்துறை கூட்டத்தைக் கலைத்தது.

லிங்டோ குழு (2006)

கேரளப் பல்கலைக்கழகத்திற்கும் கல்லூரி முதல்வர்களின் அமைப்பிற்கும் இடையே மாணவர் தேர்தல் குறித்து எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. நீதிமன்றத்தின் ஆணைப்படி, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஜோயா ஹசன், பிரதாப் பானு மேத்தா ஆகியோர் உறுப்பினர்களுள் அடங்குவர். குழு 2006 மே மாதம் அறிக்கை அளித்தது. அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22இல் ஆணையிட்டது.

அப்பரிந்துரைகளுள் முதன்மையானவை:

• பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இயல்பாகத் தேர்தல் நடத்த வேண்டும். ஆண்டுதோறும், கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரங்களுக்குள் அது நடைபெற வேண்டும்.

• வேட்புமனு முதல் முடிவு அறிவிப்பு வரை 10 நாட்களுக்குள் முடிய வேண்டும்.

• வேட்பாளர் ஒருவரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அச்சிட்ட சுவரொட்டிகள் கூடா. அரசியல் கட்சிகளின் பணத்தைப் பயன்படுத்தக் கூடாது.

• இளநிலை மாணவருக்கு 17 முதல் 22 வயது வரையும், ஆய்வு மாணவருக்கு 28 வயது வரையும் போட்டியிடத் தகுதி உண்டு.

• வேட்பாளருக்கு 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது.

• நிருவாகிப் பதவிக்கு ஒருவர் ஒருமுறையே போட்டியிடலாம். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இருமுறை போட்டியிடலாம்.

எல்லா இடத்திற்கும் ஒரே தேர்தல் முறையைக் குழு விதிக்கவில்லை. ஒரே வளாகம் கொண்ட சிறிய பல்கலைக்கழகத்தில் மாணவர் அனைவரும் நேரடியாக வாக்களித்து நிருவாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம். பல கல்லூரிகள் சிதறிக் கிடக்கும் பல்கலைக்கழகத்தில், கல்லூரி மட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படும் பிரதிநிதிகள் கூடிப் பல்கலைக்கழகப் பேரவையைத் தேர்ந்தெடுக்கலாம். அமைதியான தேர்தலுக்கு வழியில்லாத இடங்களில் மட்டும் இடைக்கால ஏற்பாடாக நியமன முறையைக் குழு ஒப்புக்கொண்டது. அப்போதும் மதிப்பெண்ணை மட்டும் அடிப்படையாகக் கொள்ள வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 5 ஆண்டுகளுக்குள் அனைத்து நிறுவனங்களும் நியமனத்திலிருந்து தேர்தலுக்கு மாற வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் அந்தக் கெடு கடந்தும் இடைக்கால ஏற்பாடே நிலைத்த வழக்கமாக இருந்து வருகிறது.

பரிந்துரைகளுக்கு எதிர்ப்பும் இருந்தது. தில்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மாணவர்களே தேர்தல் ஆணையம் அமைத்துத் தேர்தல் நடத்தும் மரபு முன்பிருந்தே உண்டு. அது லிங்டோ விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்பதால் உச்ச நீதிமன்றம் 2008இல் அத்தேர்தலுக்குத் தடை விதித்தது. சில தளர்வுகளுடன் 2012 மார்ச்சில்தான் அங்கு மீண்டும் தேர்தல் நடந்தது. பணபலத்தைக் கட்டுப்படுத்த வகுத்த விதி, பணம் புழங்காத தேர்தலையும் நிறுத்திவிட்டது என்பது மாணவர் அமைப்புகளின் குறை.

குடும்பத்தின் முதல் பட்டதாரியாகக் கல்லூரிக்கு வருவோரை இவ்விதிகள் வேறு வகையில் பாதிக்கின்றன. பள்ளிப்படிப்பு இடையில் நின்று தாமதமாகச் சேர்ந்தவரை வயது வரம்பு விலக்குகிறது. அறுவடைக் காலத்தில் ஊருக்குச் செல்பவரை வருகைப்பதிவு விலக்குகிறது. தமிழ்வழியில் படித்து ஆங்கிலத் தாளில் தடுக்கி விழுந்தவரை அரியர் விதி விலக்குகிறது. தேர்வு முறையைப் பற்றிப் பேரவையில் பேசுவதற்கு அதிகக் காரணம் உள்ளவரே அங்கு நுழைய முடியாதவராகிறார்.

விதிகளில் உள்ள முரண்

பேரவைத் தேர்தல் இல்லாத கல்லூரியிலும் மாணவர் இடம்பெற வேண்டிய குழுக்கள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகள் அவற்றை வரையறுக்கின்றன. 2009ஆம் ஆண்டின் பகடிவதைத் தடுப்பு ஒழுங்குமுறை, முதலாண்டு மாணவர், மூத்த மாணவர் ஆகிய இரு தரப்பினரும் தடுப்புக் குழுவில் இருக்க வேண்டும் என்கிறது. 2015ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குமுறைப்படி, மாணவர் தொடர்பான புகாரை விசாரிக்கும் உள்புகார்க் குழுவில் இளநிலை, முதுநிலை, ஆய்வு ஆகிய மூன்று நிலைகளிலிருந்தும் மாணவர் இடம்பெற வேண்டும். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறை வேறு திசையில் செல்கிறது. அதன்படி குறைதீர்ப்புக் குழுவில் மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளராக மட்டுமே அமர்வார். படிப்பிலோ விளையாட்டிலோ பிற திறன்களிலோ சிறந்தவர் என்ற அடிப்படையில் அவர் நியமிக்கப்படுவார். ஒரே கல்லூரியில் ஒரு குழுவுக்கு மாணவர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். இன்னொரு குழுவுக்கு நியமிக்கப்பட வேண்டும். பேரவை இல்லாத கல்லூரியில் முதல் வகைக்குத் தேர்தலை யார் நடத்துவது என்பதற்கு விடை இல்லை.

கள்ளக்குறிச்சி: மாறிய பல்கலைக்கழகங்கள்

கள்ளக்குறிச்சியும் சிதம்பரமும் ஒரு காலத்தில் தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தன. 1993இல் அது பிரிந்தபோது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பர் 26இல் தனி மாவட்டமாயிற்று. சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை, கல்வராயன் மலை ஆகிய வட்டங்கள் இதில் அடங்கும்.

இப்பகுதியின் கலை, அறிவியல் கல்லூரிகள் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2002இல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் புதிய பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டது. ஆட்சி மாறிய பிறகு, அதே ஆண்டிலேயே அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கச் சட்டப்பேரவை முடிவெடுத்தது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரத்தின் கீழ் வந்தன.

பாடத்திட்டம், வினாத்தாள், தேர்வுக் கட்டணம், சான்றிதழ் அனைத்தும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. எனவே இம்மாற்றம் ஒவ்வொரு மாணவரையும் தொடும் மாற்றம். இதைப் பற்றிச் சட்டப்பேரவையில் கட்சிகள் கடுமையாக மோதின. நான்கு மாவட்டக் கல்லூரி மாணவர்களின் கருத்தைத் திரட்டிச் சொல்லக்கூடிய தேர்ந்தெடுக்கப்பட்ட பல்கலைக்கழகப் பேரவை ஒன்று இருந்திருந்தால் விவாதத்தில் மூன்றாண்டுப் படிப்பின் நடுவில் நிற்பவர்களின் குரலும் சேர்ந்திருக்கும்.

1929 முதல் தங்கிப் பயிலும் ஒற்றை வளாகமாக இருந்த பல்கலைக்கழகம், நான்கு மாவட்டங்களில் பரவிய இணைவுப் பல்கலைக்கழகமாக மாறிவிட்டது. லிங்டோ குழுவின் வகைப்பாட்டில் இது ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவுவதாகும். சிதம்பரம் வளாக மாணவர்களை மட்டும் கொண்ட பேரவை எவ்வளவு நேர்மையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாலும் சங்கராபுரத்துக் கல்லூரி மாணவரின் பிரதிநிதி ஆகாது. கல்லூரிப் பேரவைகளின் பிரதிநிதிகள் கூடும் இரண்டடுக்கு முறையே இதற்குப் பொருந்தும்.

கல்வராயன் மலை: இருக்கைக் கணக்கு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் அவ்வாறிருப்பினும் அவர்கள் பேசுவது தமிழே. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார் மரபினரின் ஆட்சியில் இம்மலை இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அரசு ஜாகிர்களைக் கையகப்படுத்தியது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்குப் பதிந்தது. 1996இல்தான் இம்மக்களுக்கு வாக்குரிமை கிடைத்தது என்று அவ்வழக்கில் எடுத்துரைக்கப்பட்டது. சாலை, மருத்துவம், கல்வி ஆகிய அடிப்படை வசதிகள் நீதிமன்ற விவாதத்துக்கு வந்தன. இன்று கல்லூரியில் பயிலும் மலை மாணவரின் பெற்றோர் தலைமுறைக்கே பிரதிநிதித்துவம் புதியது.

தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான கல்வி இடஒதுக்கீடு 1 சதவீதம். நூறு இடங்களுக்கு ஓர் இடம் என்பது கணக்கு. மலையடிவாரக் கல்லூரிகளில் இதைவிடக் கூடுதலானோர் சேர்ந்தாலும் அவர்கள் சிறுபான்மையினரே. ஆளுக்கொரு வாக்கு, அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி என்ற முறையில் ஒவ்வோர் ஆண்டும் ஒழுங்காகத் தேர்தல் நடந்தாலும், மலை மாணவர் ஒருவர் பேரவைக்குள் வருவதற்கு உறுதி இல்லை. மதிப்பெண் அடிப்படையிலான நியமனத்திலும் இல்லை. விடுதி இடம், உதவித்தொகை தாமதம், சாதிச் சான்றிதழ், மலைக்குச் செல்லும் கடைசிப் பேருந்தின் நேரம் ஆகியவை அவர்களின் அன்றாடச் சிக்கல்கள். சமவெளியிலிருந்து வரும் பிரதிநிதிக்கு இவை நினைவில் வராமல் போவது இயல்பு.

இதற்குத் தீர்வாகப் பிற இடங்களில் உள்ள நடைமுறைகள் வழிகாட்டுகின்றன. கேரளக் கல்லூரிப் பேரவைகளில் துணைத்தலைவர் பதவி மாணவியருக்கு ஒதுக்கப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மாணவர் சட்டமன்றத்தில் துறைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் தனித்தனியே உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். விடுதிக்கென்று ஓர் இருக்கை இருந்தால், பழங்குடியினர் நல விடுதியில் தங்கியிருப்போர் எண்ணிக்கையில் குறைந்தவர்களானாலும் தங்கள் ஆளைத் தாங்களே அனுப்ப முடியும்.

முடிவெடுக்கும் முறை

தேர்தலும் இருக்கையும் சரியாக அமைந்தாலும், பேரவையின் தீர்மானத்துக்கு மதிப்பு இல்லையென்றால் அது விழா நடத்தும் குழுவாகவே சுருங்கும். இலங்கையில் 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் மாணவர் ஒன்றியங்களுக்குச் சட்ட அடிப்படை அளிக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உட்பட அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பீடச் சபைகளில் மாணவர் பிரதிநிதிகள் அமர்கிறார்கள். பாடம் பற்றிய முடிவு எடுக்கப்படும் அறையிலேயே அவர்களுக்கு நாற்காலி உண்டு.

கல்வராயன் மலையிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வன உரிமைக் கோரிக்கைகளைப் பரிசீலித்துத் தீர்மானம் நிறைவேற்றும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளித்தது. 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, அச்சபைக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். கோரிக்கையை மேல்நிலைக் குழு ஏற்காவிட்டால் காரணம் எழுத வேண்டும். குறைந்தபட்ச வருகை, பெண்கள் பங்கு, பதிவேடு, மறுப்புக்கு எழுத்து வடிவிலான காரணம் ஆகிய நான்கும் ஒரு மாணவர் பேரவைக்கும் அப்படியே பொருந்தக்கூடியவை. பொதுக்குழு ஆண்டுக்கு எத்தனை முறை கூட வேண்டும், பேரவை நிதியின் கணக்கு எங்கே ஒட்டப்பட வேண்டும், தீர்மானத்துக்கு முதல்வர் எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்பன விதியில் எழுதப்பட்டால், ஆள் மாறினாலும் முறை மாறாது.

சீர்திருத்தத்தின் இன்றைய நிலை

தமிழ்நாட்டில் மாணவர் தேர்தலை மீண்டும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை மாணவர் அமைப்புகள் தொடர்ந்து எழுப்பி வருகின்றன. கல்லூரி நிருவாகங்கள் பழைய மோதல்களைச் சுட்டித் தயங்குகின்றன. இரு தரப்பும் தேர்தல் வேண்டுமா வேண்டாமா என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவதால், இருக்கை அமைப்பும் முடிவெடுக்கும் முறையும் விவாதத்துக்கு வருவது அரிது.

இந்தியாவில் வாக்குரிமை வயது 1989இல் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. கள்ளக்குறிச்சிக் கல்லூரி ஒன்றின் இரண்டாமாண்டு மாணவி நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். 18 வயது நிரம்பியவர் என்பதால் தன் ஊரின் கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்கிறார். தன் வகுப்பின் பிரதிநிதி யார் என்பதை மட்டும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.